தீவுக்குப் போகும்போது எந்த வயலின்?

அந்தமானில், இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியிருக்கும் ஹேவ்லாக் தீவில் பத்து நாள் என்று முடிவானதும் எனக்கு வந்த முதல் கவலை சாதகம், அதாவது தினசரி வயலின் பயிற்சிதான். அட தாளத்தில் அமைந்த ஒரு வர்ணம் (கர்நாடக இசையின் பயிற்சி உருப்படி) இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், அப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் பத்து நாள் விட்டால் கை ஒரு மாதம் பின்னால் போய்விடும். முந்தைய பயணம் ஒன்றில் நல்ல வயலினை எடுத்துப்போய் வாங்கிய அடியும் மறக்கவில்லை. அதனால் இந்த முறை ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் நல்ல வயலின். கடற்கரை ஈரம் மரத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மயிலாப்பூரிலேயே வருடக்கணக்காக இருக்கும் வயலினுக்கு அந்தமான் ஈரம் புதிதில்லை. அதைக் கெடுப்பது ஏசி அறை. இரவெல்லாம் வறண்ட குளிரில் கிடந்த பெட்டியைக் காலையில் பால்கனியில் திறந்தால், சுருங்கியிருந்த மரம் சட்டென்று ஈரத்தை இழுத்து உப்புகிறது. வயலினின் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் விலங்குத் தோலில் காய்ச்சும் வச்சிரப் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். மரம் விரிசல் விடுவதற்குள் ஒட்டு விட்டுக்கொடுக்கட்டும் என்றுதான் வேண்டுமென்றே அந்தப் பசையை இடுகிறார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அது இளகும்.

முந்தைய பயணத்தில் எனக்கும் அதுதான் நடந்தது. நான்காம் நாள் மந்தர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) வில் போட்டால் 'ர்ர்' என்று ஓர் அதிர்வு. தந்தியோ என்று பார்த்தேன், தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையோ என்று பார்த்தேன். கடைசியில் நகத்தால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வந்தபோது, இடுப்பு வளைவுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொக்கென்று வந்தது. அங்கே ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு ஒட்டு வாய் திறந்திருந்தது. ஊர் திரும்பியதும் ரிப்பேர்காரரிடம் காட்டினேன். "ஏசி ரூம்ல வச்சிருந்தீங்களாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அடுத்தது பழைய மாணவர் வயலின். ஆரம்பத்தில் வாங்கியது, நாதம் கொஞ்சம் தகரமாக இருக்கும். ஆனால் விரல் இடைவெளி நல்ல வயலினில் இருப்பதேதான், வில் அழுத்தமும் கிட்டத்தட்ட அதேதான். வர்ணத்தைக் கை மறக்காமல் இருக்க இது போதும். ஒட்டு விட்டாலும் மனம் அவ்வளவு பதறாது. பக்கத்து அறைக்குத் தொந்தரவு வேண்டாம் என்றால் குதிரை மேல் ஒலியைக் குறைக்கும் ரப்பர் ம்யூட் போட்டுக்கொள்ளலாம். சுருதி பிசகினால் ம்யூட்டோடும் தெளிவாகத்தான் கேட்கும். வில்லின் அழுத்தக் குறை மட்டும் மறைந்துவிடும். ஆகவே நீண்ட வில் பயிற்சியை ஊர் திரும்பி வைத்துக்கொள்வதே சரி.

சைலண்ட் வயலின் பலரும் கேட்கும் இன்னொரு வழி. யமஹா 1997-இல் கொண்டுவந்த இந்த வகையில் கூடு கிடையாது. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நள்ளிரவிலும் வாசிக்கலாம், திறந்துகொள்ளப் பெட்டி போன்ற உடலும் இல்லை. நின்று வாசிப்பவர்களுக்கு அருமையான பொருள். நம் முறையில் தரையில் அமர்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலிலும் உடலை மார்பிலும் அண்டக் கொடுத்து வாசிக்கிறோம். அப்போது மார்பில் தெரியும் அந்த அதிர்வைக் கொண்டே பாதி சுருதி சேர்ப்பவள் நான். அது இல்லாமல் என்னால் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, நம்ப முடியவில்லை. மாணவர் வயலினைவிட விலையும் பல மடங்கு.

கார்பன் ஃபைபர் வயலினுக்கு வெயிலும் ஈரமும் ஒரு பொருட்டே அல்ல. வருடத்தில் பாதி நாள் பயணத்திலேயே இருக்கும் கலைஞருக்கு அது சரி, பத்து நாள் விடுமுறைக்காக வாங்குவது வீண். அதற்குப் பதில் ஒரு கார்பன் வில் வாங்குங்கள் என்பேன். மர வில் வளைந்துபோகும் பயம் இராது. குதிரைமுடி எந்த வில்லிலும் ஈரத்தில் தளரும் என்பதால், வாசிக்கும்போது வழக்கத்தைவிட அரைச்சுற்று கூடுதலாக முறுக்க வேண்டியிருக்கும். வாசித்து முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள்.

நான் எடுத்துப்போனது பழைய வயலினையும் கார்பன் வில்லையும்தான். விமானத்தில் பெட்டியைக் கைப்பையாக எடுத்துச்செல்ல முன்கூட்டியே கேட்டு வைத்தேன். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தினேன், முழுக்க அல்ல. முழுக்கத் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சிறு தூண் விழுந்துவிடக்கூடும், தீவில் அதை நிமிர்த்த ஆள் தேடி அலைய வேண்டும். படகில் பெட்டி என் மடியில் இருந்தது.

நேரத்துக்குக் குறைவே இல்லை. வெகு கிழக்கே இருக்கும் அந்தமானும் நம் கடிகாரத்தையே வைத்திருப்பதால் மார்கழியில்கூட ஐந்தரை மணிவாக்கில் விடிந்துவிடுகிறது. இரவில் ஏசியை அணைத்து மின்விசிறியோடு படுத்தோம், காலையில் ஒரு மணி நேரம் வாசித்தேன். கடலில் இறங்குவதற்கு முன் வாசித்துவிடுவது முக்கியம். நீரில் ஊறிய விரல்நுனியில் காய்ப்பு மெத்தென்றாகி, விரலைத் தந்தியில் சறுக்கி வாசிக்கும் ஜாருவில் தந்தி தோலை அறுக்கும். சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பில் விரல் வழுக்காமல் இழுபடும். கொசு விரட்டி களிம்பில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் வார்னிஷையே கரைக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே வயலினைத் தொடுங்கள்.

மூன்று நான்கு நாள் பயணம் என்றால் வயலினே வேண்டாம், வாயால் பாடுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. திரும்பும் படகில், சரணத்தில் வழக்கமாக இழுத்து ஒப்பேற்றிவிடும் ஒரு காந்தாரத்தை ('க' ஸ்வரத்தை) மெதுவாகப் பாடிப் பார்த்தேன். அந்த அசைவு அடுத்த ஸ்வரமான மத்தியமத்தைத் தொட்டு இறங்க வேண்டியது. மாதக்கணக்காக என் விரல் அங்கே போய்ச் சேரவே இல்லை என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்த அன்றிரவே அந்த ஒரு வரியைத்தான் முதலில் எடுத்தேன்.