மூட்டுத் தேய்மானத்துக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வேறொரு மருத்துவமனையில் எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு ஜெல் ஊசிக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த ஜெல் ஊசியும் (ஹயலூரானிக் ஊசி) வேண்டாம், குளுக்கோசமைன் மாத்திரையும் வேண்டாம் என்கிறது. முதலில் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு. முழங்கால் வலிக்கு மேலே தடவும் மருந்து. அதனால் இங்கே வந்தோம்.

பளபள மெஷின் எதுவும் இல்லை. நாற்காலி, ரப்பர் பட்டை, மரப்படி, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் அம்மாவே பார்த்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய ‘கிளாட்’ என்ற மூட்டுத் தேய்மானப் பயிற்சித் திட்டத்தின் பாணி இது. “வலி பத்துக்கு அஞ்சு வரைக்கும் பரவாயில்லம்மா, நாளைக்குள்ள அடங்கிடணும்” என்றார் பிசியோ. வலித்தாலே மூட்டு தேய்கிறது என்று பயந்து முடங்கிக் கிடந்த அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மருந்து.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் காய்காரரிடம் பேரம் பேசிவிட்டு வருகிறார்.

குறையும் உண்டு. முழங்கால்காரர்களுக்கான இடம் மாடியில், லிஃப்ட் கிடையாது! கேட்டால், அதுவும் பயிற்சிதான் என்று சிரிக்கிறார்கள். மாலையில் கூட்டம் அதிகம். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.