பழம்புடவையா, சதுரத் துண்டா, முடிச்சா: பரிசுப் போர்வைக்கு எந்த வழி?

கையால் ஒரு போர்வை தைத்துப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் துணிக்கடைக்குத்தான் போகிறார்கள். எந்த முறையில் தைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் வாங்கிய துணியில் பாதி பீரோவிலேயே கிடக்கும். முறைகள் மூன்று: பழைய புடவையை அடுக்கி ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாகக் குத்தி வரிசையாக ஓட்டும் தையல்) போடுவது, சதுரத் துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு ஷீட் வைத்து மெஷினில் தைப்பது, தைக்காமல் முடிச்சுப் போட்டு நிறுத்துவது. மூன்றையும் ஒரே அளவில், 40 முதல் 42 அங்குலச் சதுரமாக வைத்துப் பார்ப்போம். குழந்தையைத் தரையில் விட்டு விளையாட வைக்கத் தோதான அளவு இது.

புடவை வழி நம்மிடம் புதிதாக வந்ததல்ல. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என எல்லாமே உடுத்திப் பழசான துணியின் மறுபிறவிதான். கணக்கும் அழகாக ஒத்து வருகிறது. 5.5 மீட்டர் புடவை என்றால் சுமார் 216 அங்குல நீளம், 46 அங்குல அகலம். இரண்டு பக்கமும் பார்டரை வெட்டினால் அகலம் 43. நீளத்தை 43, 43 ஆக வெட்டினால் ஐந்து சதுரம். நான்கு சதுரம் போர்வையின் அடுக்குகளுக்கு, ஐந்தாவது சதுரம் தையல் பழக. முந்தானைத் துண்டு மேலே வரட்டும்.

பார்டரை விட்டுவைக்கக் கூடாதா என்று மனசு கேட்கும். பார்டரின் நெசவு நெருக்கமானது, உடல் பகுதி சுருங்குகிற அளவுக்கு அது சுருங்காது. இரண்டு சலவைக்குப் பிறகு அந்த ஓரம் மட்டும் அலை அலையாக நிற்கும். ஜரிகை இருந்தால் குழந்தைக்கு உறுத்தும். பட்டு வேண்டாம், மடித்த இடங்களில் இற்றுப்போயிருக்கும். பருத்தியையும் சோதித்துவிட்டே வெட்ட வேண்டும்: கொசுவம் வந்த பகுதியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுங்கள். ‘சர்’ என்று சத்தம் வந்தால் அந்தப் புடவை உள் அடுக்குக்கு மட்டும்தான்.

கஞ்சி போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு அடுக்கையும் தரையில் விரித்து, நான்கு விரற்கடைக்கு ஒரு வரி எட்ட எட்டத் தற்காலிகத் தையல் போட வேண்டும். நடுவிலிருந்து வெளியே போவது வழக்கம், அப்போதுதான் சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்படும். (கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் கவந்த் என்ற தங்கள் போர்வையைத் தைப்பது இதற்கு நேர் எதிர். மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஒட்டுத்துண்டையும் போகிற போக்கில் வைத்துத் தைப்பதால் அவர்களுக்கு அது சரிப்படுகிறது.)

அப்புறம் ஓட்டுத்தையல். ஓரத்தில் அரை அங்குலம் உள்ளே மடித்தால் 42 அங்குலம் மிஞ்சும். அரை அங்குல இடைவெளி என்றால் ஏறக்குறைய 84 வரிசை. ஒரு வரிசைக்கு 20 நிமிடம் வைத்தாலும் 28 மணி நேரம். ஒரு அங்குல இடைவெளி விட்டால் இதில் பாதி, முதல் போர்வைக்கு அது போதும். நூல், 6 இழை எம்ப்ராய்டரி நூலைப் பிரித்து இரண்டு இழையாக. 8 மீட்டர் கண்டு ஒன்றில் 24 மீட்டர் தையல் நூல் கிடைக்கும். அரை அங்குல இடைவெளிக்கு ஐந்தாறு கண்டு தேவைப்படும். ஊசியில் 24 அங்குலத்துக்கு மேல் நூல் கோத்தால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். தொடங்கும்போது நூல் நுனியில் போடும் முடிச்சை லேசாகச் சுண்டினால் அடுக்குக்குள் போய் மறைந்துவிடும்.

இங்கே கெடுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: நூலை இழுத்துவிடுவது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கட்டைவிரலால் தையலின் மேல் ஒருமுறை நீவிவிட வேண்டும், அடைபட்ட துணி விரியும். மறந்தால் 42 அங்குலம் 40 ஆகிவிடும். சின்னச் சுருக்கம் காந்தாவுக்கு அழகு, கோணல்தான் அழகில்லை.

சதுரத் துண்டுப் போர்வையில் கை வேலை குறைவு, கணக்கு வேலை அதிகம். 5 அங்குலச் சதுரங்கள் 81, ஒன்பதுக்கு ஒன்பது. கால் அங்குலம் தையலுக்குப் போக ஒவ்வொன்றும் நாலரை, மொத்தம் 40.5. 44 அங்குல அகலத் துணியில் பட்டிக்கு எட்டுச் சதுரம் வரும், ஆக எல்லா நிறமும் சேர்த்து ஒன்றரை மீட்டர். அடித்துணிக்கு ஒன்றேகால் மீட்டர், ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குலத்தில் ஐந்து பட்டி.

தையலுக்கு விட்ட கால் அங்குலம் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகும். ஒரு வரிசையில் எட்டுத் தையல். எட்டு நூல் என்றால் முழு அங்குலம்! பக்கத்து வரிசை சரியாக வந்திருந்தால் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. எனவே மூன்று சதுரத்தைத் தைத்து அளந்து பாருங்கள், 14 அங்குலம் வந்தால் மட்டுமே மேலே போக வேண்டும். தையல் மடிப்பை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாக இஸ்திரி போட்டால் மூலைகள் தாமே கொக்கி போல் பூட்டிக்கொள்ளும்.

நடுவில் வைக்கும் ஷீட் பருத்தியானால் முதல் சலவையில் சுருங்கும், பாலியெஸ்டர் சுருங்காது. ஆனால் நம் ஊர் வெயிலுக்குப் பாலியெஸ்டர் புழுங்கும். மூன்றடுக்கைத் தைக்கும்போது மெஷினின் சாதாரணப் பாதம் மேல் துணியை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், அடியில் மடிப்பு விழும். மேல் துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பாதம் போட்டு, 14ஆம் நம்பர் ஊசியில், தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வைத்தால் தொல்லை இல்லை.

சிவப்பு, கருநீலம், சுங்குடி எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஈர வெள்ளைத்துணி மேல் வைத்து இஸ்திரி அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால், ஒட்டாமல் போகும் வரைக்கும் அலச வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்று நம்பி வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போச்சு.

முடிச்சு வழி, விசேஷம் நாளை மறுநாள் என்று ஆகிவிட்டவர்களுக்கு. மேல்துணியையும் அடித்துணியையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்து, ஷீட்டோடு சுற்றித் தைத்து, 10 அங்குலம் திறப்பு விட்டுப் புரட்டினால் ஓரப்பட்டி வேலையே இல்லை. நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக 81 முடிச்சு. நூலை எல்லா அடுக்கிலும் குத்தி எடுத்து, வலது இழை மேலே வர ஒருமுறை, அடுத்து இடது இழை மேலே வர ஒருமுறை முடிய வேண்டும். இரண்டு முறையும் ஒரே இழையை மேலே போட்டால் சலவையில் அவிழும். ஆனால் நுனி நூல்களைக் குழந்தை வாயில் வைத்து இழுக்கும், பெரியவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஆக, பச்சைக் குழந்தைக்குப் புடவைப் போர்வை: மெல்லியது, பழகிய துணி, துவைத்தால் சீக்கிரம் காயும். அதுவும் விழித்திருக்கும்போது விரித்துப் போடத்தான். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில் எந்தப் போர்வையும் வேண்டாம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பெங்களூருக்கோ டெல்லிக்கோ குடிபோகும் புதுத் தம்பதிக்குச் சதுரத் துண்டு, இதே முறையில் பெரிதாக. முதல்முறை தைப்பவர்கள் அதில் தொடங்கினால் பாதியில் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.

எந்த வழியானாலும் அடுக்குகளைப் பிடிக்கக் குத்தும் சேஃப்டி பின்களை எண்ணிக் குத்துங்கள். நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் நூறு பின் வரும். கழற்றி டப்பாவில் போடும்போது 99 தான் இருக்கிறது என்றால், போர்வை வீட்டைவிட்டுப் போகக் கூடாது.