மோட்டார் இல்லாமல் திரும்பும் ஆண்டெனா: பினாங்கு வெயிலிலும் மழையிலும் எப்படி இருக்கிறது?

ஒரு வருடத்துக்கு மேலாக பாயான் லெப்பாஸில் எங்கள் பட்டறை மொட்டைமாடியில் நிற்கிறது, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் இப்போது சொல்லலாம். சரக்கு இதுதான்: 10 கிகாஹெர்ட்ஸ் ரிஃப்ளெக்ட்அரே, அதாவது ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் தட்டைப் பலகை ஆண்டெனா, 24 சென்டிமீட்டர் சதுரப் பலகை, அதில் 16க்கு 16 என்று 256 செம்புத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் சுவிட்சுபோல வேலை செய்யும் ஒரு PIN டையோடு. எதிரே ஒரு கம்பியில் ஹார்ன், அதாவது கூம்பு வடிவக் குட்டி ஆண்டெனா. அது பலகை மேல் அலையை வீச, பலகை நாம் கேட்ட பக்கம் திருப்பி அனுப்பும்.

"அண்ணே, ஒன்றுமே அசையவில்லையே, எப்படித் திரும்புகிறது?" என்று பட்டறைத் தம்பி கேட்டான். டையோடு ஆன் என்றால் அந்தத் துண்டில் பட்டுத் திரும்பும் அலையின் ஃபேஸ், அதாவது ஏற்ற இறக்கம் நிற்கும் கட்டம், 180 டிகிரி மாறும், ஆஃப் என்றால் மாறாது, அவ்வளவுதான். எது ஆன், எது ஆஃப் என்ற அட்டவணையை மாற்றினால் கற்றை வேறு பக்கம் போய்விடும், அதுவும் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது.

இந்த இரண்டே நிலை என்பதற்குக் கூலி உண்டு. இந்த அளவுப் பலகைக்குக் கணக்குப்படி 29 டிபிஐ (அலையை ஒரே பக்கம் குவிக்கும் திறனின் அளவு) வரலாம், கிடைப்பது 22 பக்கம். போனதில் பாதிக்குமேல் இந்த இரண்டு நிலைக்கே போனது, மிச்சம் ஹார்ன் வெளியே சிந்துவதிலும் டையோடிலும். கற்றை ஏழு டிகிரி அகலம், வேண்டாத பக்கம் கசியும் ஓரக் கற்றைகள் கொஞ்சம் தடித்தவை. நேர் அலை வந்து விழுந்தால் கண்ணாடிப் பிம்பம்போல எதிர்ப்பக்கமும் ஒரு கற்றை கிளம்பும், ஆனால் ஹார்ன் பக்கத்திலேயே இருப்பதால் அலை வளைந்து விழுந்து அந்தத் தொல்லை பெருமளவு கலைந்துவிடுகிறது.

இப்போது வயிற்றெரிச்சல். விற்றவர்கள் கொடுத்த ஹார்ன் கம்பி பிளாஸ்டிக், முப்பரிமாண அச்சில் வார்த்தது. மொட்டைமாடி வெயிலில் அது மெல்ல இளகித் தொங்கிவிட்டது. ஹார்ன் ஐந்து மில்லிமீட்டர் இறங்கினாலே கற்றை ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும், ஏனென்றால் அட்டவணையே ஹார்ன் இருக்கும் இடத்தை வைத்துத்தான் போட்டது. அலுமினியத்தில் கம்பி செய்து மாட்டி, இடத்தை அளந்து, அட்டவணையைப் புதிதாகக் கணக்குப் போட்ட பிறகு இன்றுவரை நகரவில்லை. அசையும் பாகமே கிடையாது என்று பெருமை பேசுகிறார்கள், சரி, அசையக் கூடாத பாகம் ஒன்று இருப்பதையும் சொல்லியிருக்கலாம்.

மழையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். எங்கள் ரேடியோ லிங்க் 300 மீட்டர் தூரம்தான், கொட்டும் மழையிலும் காற்றில் இழப்பது ஒரு டெசிபெல் பக்கம். அதைவிட ஆண்டெனாவுக்கு மேல் போட்ட மூடியில் ஒட்டும் நீர்ப்படலம்தான் சிக்னலைத் தின்கிறது. மூடியைச் சாய்த்து வைத்து, நீர் ஒட்டாத பூச்சு அடித்தோம், பாதித் தலைவலி போயிற்று.

இன்னொன்று, டையோடு ஒன்றிரண்டு செத்தால் வித்தியாசமே தெரியாது, 256இல் ஒன்று போனால் என்ன! ஆனால் அவற்றை எட்டெட்டாக ஓட்டும் '595' என்ற வகைச் சிப்புகள் வரிசையாக ஒன்றன்பின் ஒன்று கோத்தவை, நடுவில் ஒன்று போனால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குப்பை. டையோடுக்கு 10 மில்லிஆம்பியர் கொடுத்தால் ஒரு சிப்பின் எட்டும் ஆன் ஆகும்போது 80, சிப்பின் உச்சவரம்பு 70. கை வைத்தாலே சுடும். நாங்கள் 8க்குக் குறைத்துவிட்டோம், இழப்பு கூடியதாகத் தெரியவில்லை.

ரிஃப்ளெக்ட்அரே என்ற யோசனை 1963லேயே பிறந்தது, 2018இல் செவ்வாய் போன மார்கோ குட்டி விண்கலங்கள் இரண்டும் தட்டைப் பலகை ரிஃப்ளெக்ட்அரேயை வைத்துத்தான் பூமியோடு பேசின, அது கற்றை திரும்பாத வகை. அகலமான அலைவரிசை வேண்டுமென்றால் டிஷ்ஷே வாங்குங்கள், இது குறுகிய பட்டைக்குத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும் ஃபேஸ்டு அரே என்ற, மோட்டார் இல்லாமலே திரும்பும் மற்றொரு வகை ஆண்டெனாவின் விலையை நினைத்தால் இது எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. நான்கு நிலை தரும் பலகைக்கு மாறினால் நிலைகள் குறைவாக இருப்பதால் வரும் இழப்பு ஒரு டெசிபெல்லுக்குள் வந்துவிடும், ஆனால் துண்டுக்கு இரண்டு டையோடு, மின்சாரமும் இரட்டிப்பு, இப்போதுள்ள பவர் சப்ளை தாங்காது. முதலில் அதை மாற்ற வேண்டும்.