முன்பணம் 7,500 ரூபாய் போயிற்று: பீட்சா உணவகத்தில் விருந்துக்குப் பதிவு செய்கிறவர்கள் படியுங்கள்

வடசென்னையில், மெட்ரோ நிலையம் ஒன்றிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், இத்தாலிய முறைப்படி விறகு அடுப்பில் பீட்சா சுட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் உணவகம் இருக்கிறது. அங்கே குடும்ப விருந்துக்காக 7,500 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். விருந்தன்று சாப்பிட்டதற்கான முழுத் தொகையையும் தனியாக வாங்கிக்கொண்டார்கள். முன்பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை. நேற்று மாலை, "அந்தப் பணம் எங்கள் கணக்குக்கே வரவில்லை, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கல்லாவில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். கடையின் பெயரைப் புகார் மனுவில் எழுதப் போகிறேன், இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இதே முறையில் இன்னொரு குடும்பத்தின் பணம் போவதற்குள் நாலு பேர் படித்துவிட வேண்டும்.

என் அக்கா மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். தாய்மாமன் என்ற முறையில் விருந்து என் பொறுப்பு. அவள் கேட்டது பீட்சா. அதுவும் சங்கிலிக் கடைகளில் அட்டைப் பெட்டியில் வருவது வேண்டாம், கண்ணெதிரே அடுப்பில் சுடுவதுதான் வேண்டும் என்றாள். முன்பெல்லாம் இப்படி ஒன்று சாப்பிட வேண்டுமானால் அண்ணா நகருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு எங்கள் பக்கத்திலும் இந்த மாதிரிக் கடைகள் வரத் தொடங்கியதில் எங்களுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வர வேண்டிய உறவினர்களுக்கும் இது வசதி என்று நினைத்து, 18 பேருக்கு அங்கேயே ஏற்பாடு செய்யப் போனேன்.

கடையின் மேலாளர் முப்பது வயதுக்குள் இருப்பார், பணிவான பேச்சு. என்னை உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, செங்கல் வைத்துக் கட்டிய அரைக்கோள அடுப்பின் அருகே அழைத்துப் போய்க் காட்டினார். நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா 400 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும், அதனால்தான் ஓரம் பொங்கி ஆங்காங்கே கருகல் புள்ளிகளோடு இருக்கும், அந்தச் சுடும் கலைக்கு 2017-இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கொடுத்திருக்கிறது என்றெல்லாம் விளக்கினார். சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை, நான் பிறகு சரிபார்த்தேன். தொழிலை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறவர் பணத்தில் கை வைப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

ஒருவருக்கு 600 ரூபாய். சூப், பூண்டு ரொட்டி, மூன்று பேருக்கு ஒரு 12 அங்குல பீட்சா, பாஸ்தா, கடைசியில் தீராமிசு என்ற இத்தாலிய இனிப்பு. உள்ளே இருக்கும் தனி அறை எங்களுக்கு. 7,500 ரூபாய் கட்டினால் அறை உறுதி, மீதியை விருந்தன்று கொடுத்தால் போதும் என்றார். கல்லாவில் இருந்த கியூஆர் அட்டை வேலை செய்யவில்லை என்று சொல்லித் தன் கைப்பேசியில் இருந்த கியூஆரைக் காட்டினார். பணம் அனுப்பும்போது திரையில் கடையின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "ஓனரோட பார்ட்னர் அக்கவுண்ட்தான் சார், எல்லா புக்கிங்கும் இதுலதான் வரும்" என்று ஒரு நொடி கூடத் தயங்காமல் சொன்னார். கடையின் முத்திரை அச்சிட்ட தாளிலேயே ரசீது எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர்களுடைய சீருடை, அவர்களுடைய கல்லா, அவர்களுடைய ரசீதுத் தாள். இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் எதைப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியும்?

விருந்தன்று வாசல் கரும்பலகையில் அக்கா மகளின் பெயரையும் 18 பேர் என்பதையும் சாக்கட்டியால் எழுதி வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். உள்ளே போனால் தனி அறையில் வேறொரு குடும்பத்தின் பிறந்தநாள் நடந்துகொண்டிருந்தது. "பதினைந்து நிமிஷம் அண்ணா" என்று சொல்லிச் சொல்லியே, முழங்கால் வலியோடு வந்த பெரியம்மாவையும் குழந்தைகளையும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வாசலில் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் நான்கு மேசைகளில் எங்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுத மனம் இல்லை. அந்தச் செங்கல் அடுப்பில் நெருப்பே இல்லை. பீட்சா எல்லாம் பின்கட்டிலிருந்து வந்தது. ஓரம் தட்டையாக, வெளிறி, கருகலின் அடையாளமே இல்லாமல் இருந்தது. மார்கரீட்டா பீட்சாவில் துளசி இனத்து பேசில் இலை ஒன்று கூட இல்லை, தக்காளிக் கூழ் பாட்டில் கெட்சப் போல இனித்தது. சனிக்கிழமை என்பதால் அசைவம் தொடாத பெரியம்மாவின் தட்டில் கோழித் துண்டு கிடந்தது. அதற்குப் பிறகு அவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். 12 அங்குல பீட்சா ஆறு வர வேண்டிய இடத்தில் 8 அங்குலத்தில் பன்னிரண்டு வந்தன. "ரெண்டு சின்னது சேர்ந்தா ஒரு பெருசை விடக் கூடத்தான் வரும்" என்றார்கள். வராது. 12 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 113 சதுர அங்குலம், 8 அங்குல வட்டங்கள் இரண்டையும் சேர்த்தாலும் சுமார் 100தான். ஆறு பீட்சாவுக்கும் கணக்குப் போட்டால் அரை பீட்சாவுக்கு மேல் குறைகிறது. இதையெல்லாம் கூட விசேஷ நாளில் சண்டை வேண்டாம் என்று அக்கா சொன்னதற்காகப் பொறுத்துக்கொண்டோம்.

பணம் போனது பில் வந்த நேரத்தில். அதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருந்தது.

முதலில் வந்த பில் 12,474 ரூபாய். உணவுக்கு 10,800, அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 1,080, இரண்டும் சேர்ந்த தொகை மீது 5 சதவீத ஜிஎஸ்டி 594. சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டதையும், அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்ததையும் சித்தப்பா மகன் எடுத்துச் சொன்னான். மேலாளர் வாதாடவே இல்லை. உடனே மன்னிப்புக் கேட்டு, அந்தக் கட்டணத்தை நீக்கி, 11,340 ரூபாய்க்குப் புதிய பில் கொண்டு வந்தார். கேட்டதும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைத்துக் கொடுத்துவிட்டாரே என்று எங்கள் மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் மீது நல்லெண்ணம் வந்துவிட்டது. அந்த நல்லெண்ணத்தைத்தான் அவர் அடுத்த நிமிடமே பயன்படுத்தினார்.

7,500 ரூபாயைக் கழித்தால் நான் கொடுக்க வேண்டியது 3,840 மட்டும். ஆனால் அவர், "சார், அட்வான்ஸ் வேற கணக்குல ஏறியிருக்கு, சிஸ்டத்துல இப்ப கழிக்க முடியாது. ஃபுல் பில்லைக் கட்டிடுங்க, நைட்டு கணக்கு முடிச்சதும் உங்க நம்பருக்கே 7,500-ஐத் திருப்பிப் போட்டுடறேன்" என்றார். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது என் அம்மாவின் பக்கம் திரும்பி, "அம்மா, நானும் இந்த ஏரியா பையன்தான். ஐஓசி பக்கம்தான் வீடு. நம்ம ஜனத்துக்கிட்டயே தப்புப் பண்ணுவேனா?" என்று கேட்டார். அம்மா நெகிழ்ந்து போய், "கட்டிடுப்பா, பாவம், பிள்ளை சொல்லுது இல்ல" என்றார். 11,340 ரூபாயையும் அட்டையில் கட்டினேன். முன்பண ரசீதை, கணக்கோடு இணைக்க வேண்டும் என்று சொல்லி வாங்கி பில் நகலோடு பின் அடித்து வைத்துக்கொண்டார். வருகிற நேரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அந்த ரசீதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் முன்பே போட்டிருந்ததால்தான் இன்று என் கையில் அதன் படமாவது இருக்கிறது.

அன்று இரவு பணம் வரவில்லை. மறுநாள் காலை கேட்டால் வங்கி சர்வர் வேலை செய்யவில்லை என்றார். அதற்கடுத்து, கணக்குப் பிரிவில் பேசச் சொன்னார். கணக்குப் பிரிவு என்று தரப்பட்ட எண்ணில் பேசிய பெண், மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏழு வேலை நாள்களில் வந்துவிடும் என்றார். மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. அந்த நாள்கள் முடிந்து அழைத்தால், முன்பணத்தின் அசல் ரசீதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அசல் ரசீது அவர்களிடமேதான் இருக்கிறது! மேலாளர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். நேரில் போனால் கல்லாவில் புதிய ஆள்; "அவர் இப்ப இங்க வேலை செய்யலையே" என்றார். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்தபோது, தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்குக் கடை பொறுப்பில்லை, வேண்டுமானால் அந்த ஆள் மீது வழக்குப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேற்று போனபோது 2,000 ரூபாய்க்கு ஒரு கூப்பன் நீட்டினார்கள். வார நாள்களில் மட்டும், 1,500 ரூபாய்க்கு மேல் சாப்பிட்டால் மட்டும், ஒரு மாதத்துக்குள் மட்டும் செல்லுமாம். அதை வாங்க, "கணக்கு முழுவதும் முடிந்தது" என்று எழுதியிருந்த தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் பணம் 7,500 ரூபாயை வைத்துக்கொண்டு, மறுபடியும் அங்கே போய்ச் சாப்பிட எனக்கு அழைப்பு! கூப்பனை மேசை மீதே வைத்துவிட்டு வந்தேன்.

பணம் கடைக்கு வரவில்லை என்றால் வாசல் பலகையில் எங்கள் குடும்பத்துப் பெண்ணின் பெயர் எப்படி வந்தது? 18 பேருக்கு உணவு எந்தப் பதிவின் பேரில் தயாரானது? ஓர் ஊழியருக்கு அதிகாரம் இருக்கிறது என்று வாடிக்கையாளர் நம்பும்படி கடையே நடந்துகொண்டிருந்தால், அவர் செய்ததற்குக் கடையே கட்டுப்பட வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதை உரிமையாளரிடம் சொன்னதற்குத்தான் தொலைபேசியைத் துண்டித்தார். பர்மா பஜார் ஓரத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கிறவர் கூட, கூட்டம் நெரிகிற நேரத்திலும் யார் எத்தனை தட்டு சாப்பிட்டார் என்று நினைவில் வைத்துச் சரியான சில்லறை கொடுக்கிறார். குளிர்சாதன அறையும் கணினி பில்லும் வைத்திருக்கிறவர்களுக்கு 7,500 ரூபாயைக் கழிக்கத் தெரியவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. எங்கள் பகுதிக்காரர்கள் வழக்கு, மனு என்று அலைய மாட்டார்கள் என்ற கணிப்பில்தான் இப்படித் துணிகிறார்கள் என்பது என் முடிவு.

விருந்துக்குப் பதிவு செய்கிறவர்களுக்கு விரிவாக வழிமுறைகள் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் அனுப்பும்போது திரையில் கடையின் பெயர் வராவிட்டால் அனுப்பாதீர்கள். முன்பணத்தை பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள். கழிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அசல் ரசீதைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்ததாகச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். ஒரே கடையால் ஒரே விதத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து மனு கொடுக்கவும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. அன்று உள் அறையில் பிறந்தநாள் கொண்டாடிய குடும்பம் இதைப் படித்தால், உங்களிடமும் முன்பணத்தைத் தனியாக வாங்கினார்களா, அது பில்லில் கழிக்கப்பட்டதா என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வேறு யாரிடமாவது ரசீதோ அதன் படமோ இருந்தாலும் அனுப்புங்கள். வரும் திங்கட்கிழமை மனுவைத் தாக்கல் செய்கிறேன். அதற்குள் வந்தால் உங்கள் பெயரையும் சேர்த்துவிடலாம்.