ஓடுவதற்கு ட்ரெட்மில்: புதிய மடக்கு மெஷினா, ஜிம்மில் ஓடித் தேர்ந்த பழசா?

வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் ஏழெட்டு கிலோமீட்டர், வீட்டுக்குள்ளேயே ஓடுகிறேன். முதலில் வாங்கியது புத்தம் புதிய மடக்கு ட்ரெட்மில். இரண்டாவது வருடத்தில் அதன் கன்ட்ரோலர் போர்டு, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு அட்டை, எரிந்தது. மாற்றினேன். ஐந்தே மாதத்தில் புது போர்டும் எரிந்தது. அப்போது கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வழிதான் தெரிந்தது: இன்னொரு புது வீட்டு மெஷின், அல்லது ஜிம்மில் சில வருடம் ஓடிய கனமான பழைய மெஷின். இரண்டாவதை எடுத்தேன். இரண்டு வருடமாக அதில்தான் ஓடுகிறேன். அதனால் நான் பழைய மெஷின் கட்சி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். திரை, பாட்டு, செயலி, தயார் நிலையில் இருக்கும் பயிற்சித் திட்டங்கள் எதுவும் மெஷினின் ஆயுளைக் கூட்டாது. மடக்கும் வசதி இடம் குறைவானவர்களுக்குத் தேவைதான், ஆனால் தினமும் ஓடுபவர் ஒரு மாதத்துக்குப் பிறகு மடக்குவதில்லை. கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கும் தட்டையான நடைப்பட்டைகள் பெரும்பாலும் நடப்பதற்கு மட்டும்தான். மோட்டாரே இல்லாத வளைந்த பெல்ட் மெஷின்கள் உண்மையிலேயே உறுதியானவை, ஆனால் அதே வேகத்துக்கு உடம்பு நிறைய உழைக்க வேண்டும், விலையும் அதிகம். அதில் நான் சில முறைதான் ஓடியிருக்கிறேன் என்பதால் அதற்கு மேல் பேசவில்லை. சாய்வு வசதி ஓரளவு இருந்தால் போதும். வெளியில் காற்றை எதிர்த்து ஓடும் உழைப்பை 1% சாய்வு ஈடுகட்டுகிறது என்று 1996-இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. அதுவும் ஓரளவு வேகமாக ஓடுபவர்களுக்குத்தான் பொருந்தும்.

அளவில் மட்டும் சமரசம் வேண்டாம். மலிவான வீட்டு மெஷின்களில் ஓடும் பரப்பு சுமார் 40 செ.மீ. அகலம், 110 முதல் 120 செ.மீ. நீளம் இருக்கும். நடக்கப் போதும். ஓடும்போது கால் பின்னால் நீள்கிறது, உடம்பு லேசாகப் பக்கவாட்டில் ஆடுகிறது. குறைந்தது 50 செ.மீ. அகலமும் 140 செ.மீ. நீளமும் வேண்டும், உயரமானவர்களுக்கு 150-க்கு மேல். என் முதல் மெஷினில் எட்டு வைப்பதைக் குறுக்கிக்கொண்டே ஓடினேன். அது பழக்கமாகிவிட்டது என்பது பெரிய மெஷினில் ஏறிய முதல் நாள்தான் தெரிந்தது.

அடுத்தது ஹார்ஸ்பவர். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண் பெரும்பாலும் உச்சத் திறன், அதாவது மோட்டார் ஒரு சில நொடி தரக்கூடியது. நமக்கு வேண்டியது தொடர் திறன், மணிக்கணக்கில் சூடாகாமல் தரக்கூடியது. ஒரு ஹார்ஸ்பவர் கிட்டத்தட்ட 746 வாட். சாதாரண வீட்டு இணைப்பில் ஓடும் மெஷின் நான்கைந்து ஹார்ஸ்பவரை மணிக்கணக்கில் தர முடியுமா என்று ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்தாலே விளங்கும். ஓடுவதற்குத் தொடர் திறன் இரண்டரையிலிருந்து மூன்று இருந்தால் நிம்மதி. தொடர் திறனைச் சொல்லாமல் உச்சத்தை மட்டும் சொல்லும் மெஷினை நான் வாங்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவை மாற்றியது மோட்டார் இல்லை, பெல்ட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள உராய்வு.

ஒரு மணி நேரம் ஓடினால் கால் ஏறக்குறைய பத்தாயிரம் முறை பதிகிறது. ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விசை பெல்ட்டைப் பலகையோடு சேர்த்து அழுத்துகிறது. அந்தக் கணம் பெல்ட் பிடிபடுகிறது. வேகம் குறையாமல் இருக்க மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, அந்த மின்சாரம் முழுக்க கன்ட்ரோலர் போர்டு வழியாகத்தான் போகிறது. நடுவில் எண்ணெய்ப் பசை இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது காய்ந்ததும் ஒவ்வொரு காலடியும் போர்டைச் சுட ஆரம்பிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, மெஷின் வழக்கம்போல ஓடும், ஒரு நாள் நின்றுவிடும்.

என் வீட்டில் நடந்தது இதுவேதான். முதலில் வந்தவர் போர்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்த மெக்கானிக் மின்வயரில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி என்னை ஏறி நடக்கச் சொன்னார். எண் விறுவிறுவென்று ஏறியது. பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். துணி போல இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி மின்னியது. “சார், போர்டு மேல தப்பு இல்ல. பெல்ட் இழுக்குது. இதை மாத்தாம எத்தனை போர்டு போட்டாலும் போகும்” என்றார். பெல்ட், பலகை, போர்டு மூன்றையும் மாற்ற ஆகும் செலவு அந்த மெஷினின் மதிப்பைத் தாண்டிவிட்டது. மேலும் அந்த மாடலே சந்தையில் இல்லை, அளவுக்கேற்ற பலகையைத் தேட வேண்டியிருந்தது.

ஜிம் மெஷின் இந்த இடத்தில்தான் வேறாக இருக்கிறது. பலகை சுமார் 25 மி.மீ. தடிமன், வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 15 முதல் 18. பல மாடல்களில் ஒரு பக்கம் தேய்ந்ததும் பலகையைக் கழற்றிப் புரட்டிப் போடலாம், பாதி ஆயுள் இலவசமாகக் கிடைக்கிறது. அப்புறம் ரோலர், பெல்ட்டைச் சுற்றவைக்கும் உருளை. பத்து கிலோமீட்டர் ஓட 4.5 செ.மீ. விட்டமுள்ள ரோலர் சுமார் எழுபதாயிரம் முறை சுற்ற வேண்டும். 9 செ.மீ. ரோலருக்கு அதில் பாதிதான். பேரிங் தேய்வது குறைகிறது, பெல்ட் அவ்வளவு இறுக்கமாக வளைய வேண்டியதில்லை. பெரும்பாலான ஜிம் மெஷின்களில் ஏசி (மாறுமின்னோட்ட) மோட்டார், அதில் மோட்டாருக்குள் உரசித் தேயும் கார்பன் பிரஷ் கிடையாது, தேய்ந்து மாற்றும் வேலையும் இல்லை. ஒரே மாடலைப் பல வருடம் விற்பதால் பெல்ட்டும் பலகையும் வேறு தயாரிப்பாளர்களிடமிருந்தும் கிடைக்கின்றன. நாள் முழுக்க ஆட்கள் மாறி மாறி ஏறுவதற்காகச் செய்தது. ஒருவர் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓடுவது அதற்கு ஓய்வு மாதிரி.

ஆனால் ஜிம்மிலிருந்து வந்தது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. நான் நான்கு மெஷின் பார்த்து மூன்றை விட்டுவிட்டேன். முதல் வேலை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பலகையைத் தடவுவது. கால் விழும் இடத்தில் பள்ளமோ சொரசொரப்போ இருந்தால் பலகை மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் மின்னினால் அதுவும் அப்படித்தான். பிறகு ஆள் ஏறாமல் ஓடவிட்டுக் கேளுங்கள், கரகரவென்று வந்தால் ரோலர் பேரிங். அடுத்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஏறி, காலை அழுத்தி ஊன்றுங்கள். வேகமாக ஓடும்போதைவிட மெதுவான வேகத்தில்தான் குறை தெரியும். பெல்ட் மட்டும் தயங்கி ரோலர் சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, சரிசெய்துவிடலாம். ரோலரும் சேர்ந்து நின்றால் உள்ளே மோட்டாரையும் ரோலரையும் இணைக்கும் டிரைவ் பெல்ட்டையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். மோட்டார் மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். அங்கே போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தால் வருடக்கணக்கில் வியர்வை உள்ளே சொட்டியிருக்கிறது என்று அர்த்தம். நான் விட்ட மூன்றில் இரண்டு இந்தத் துருவால்தான். பல மாடல்களில் சர்வீஸ் மெனுவுக்குள் போனால் மொத்தம் ஓடிய தூரமும் மணி நேரமும் தெரியும். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

இதன் கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எடை 150 கிலோவுக்கு மேல். மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது, கைப்பிடித் தூண்களைக் கழற்றிய பிறகுதான் கதவுக்குள் நுழைந்தது. பல மெஷின்களுக்கு 15 அல்லது 20 ஆம்பியர் தனி லைன் தேவை, நல்ல எர்த்தும் வேண்டும். எலெக்ட்ரீஷியன் செலவையும் தூக்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சேர்த்த பிறகும் எனக்குப் புது மெஷினைவிடக் குறைவாகவே வந்தது, ஆனால் நினைத்த அளவுக்குக் குறைவில்லை. உத்தரவாதம் கிடையாது. ஏசி மோட்டாரை ஓட்டும் டிரைவ் போர்டு போனால் பெரிய செலவு. இதுவரை எனக்குப் போகவில்லை, ஆனால் இரண்டு வருடத்தை வைத்து இனியும் போகாது என்று நான் உறுதி சொல்ல முடியாது. சாய்வு மோட்டாரையும் நான் அதிகம் பயன்படுத்தாததால் அதன் ஆயுள் பற்றி என் அனுபவம் உதவாது.

அடிக்கடி வீடு மாறுபவர்களும், தனி லைன் போட முடியாதவர்களும் புதியதையே வாங்கலாம், அதில் தவறே இல்லை. அப்படியானால் மடக்கினாலும் 90 கிலோவுக்குக் குறையாத மெஷின், ரோலர் 6 செ.மீ.க்கு மேல், திரை எளிமையாக என்று தேடுங்கள். உத்தரவாதத் தாளில் மோட்டாருக்கு எத்தனை வருடம் என்று மட்டும் பார்க்காமல் போர்டுக்கு எத்தனை வருடம் என்று பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்கும். பெல்ட்டும் பலகையும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் மாதம் ஒரு முறை பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக லேசான பசை ஒட்டினால் சரி, காய்ந்திருந்தால் சுத்தமான சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். சமையல் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ பெல்ட்டையே கெடுத்துவிடும். மெழுகு பூசி வரும் சில ஜிம் பலகைகளுக்கு எண்ணெயே விடக் கூடாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது எண்ணெய் கேட்கும் வகை. நூறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடுகிறேன், தேதியை மெஷின் ஓரத்தில் ஒட்டிய தாளில் எழுதிவைக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோதும் பெல்ட்டின் அடிப்பக்கம் துணி மாதிரியேதான் இருந்தது.