போஸ்ட்கிரெஸ் 9.6-லிருந்து 16 வரை: அப்கிரேடும் பேக்கப்பும்

எங்கள் கிடங்கின் சரக்குக் கணக்கு முழுவதும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. 2017-இல் அந்த மென்பொருளின் 9.6 வெர்ஷனில் தொடங்கினோம். 2020-இல் 12, 2024-இல் 16. ஒரு பெரிய வெர்ஷனுக்கு ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு என்பதால் அப்கிரேடைத் தள்ளிப்போடலாம், தப்பிக்க முடியாது. இத்தனை வருடத்தில் ஒரு வரிகூடத் தொலையவில்லை. ஆனால் பேக்கப் என்னைப் பலமுறை பயமுறுத்தியது.

12-க்கு மாறிய மூன்றாம் நாள் இரவு டம்ப் கோப்பைப் பார்த்தால் அளவு 0. பேக்கப் எடுக்கும் தனி மெஷினில் அந்தக் கோப்பை எழுதும் கருவியான பிஜி_டம்ப் இன்னும் 9.6-இனுடையதாகவே இருந்தது; தன்னைவிடப் புதிய சர்வரைத் தொட அது மறுத்துவிடும். மூன்று நாள் பேக்கப்பே இல்லாமல் வியாபாரம் நடந்திருக்கிறது! புதிய பிஜி_டம்ப் பழைய சர்வரை நன்றாகவே படிக்கும். அதனால் இப்போது பேக்கப் மெஷினைத்தான் முதலில் மாற்றுகிறேன்.

இன்னொரு பேக்கப் கருவியான பிஜி_பேஸ்பேக்கப் அப்படியல்ல. அது டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதால், அந்த நகல் அதே பெரிய வெர்ஷனில் மட்டுமே திறக்கும். வெர்ஷன் ஒன்றாக இருந்தாலும் போதாது. 12-இன் நகலை உபுண்டு 18.04-லிருந்து 20.04 மெஷினுக்குக் கொண்டுபோனபோது, இருக்கும் பொருளையே பெயரால் தேடினால் 'இல்லை' என்றது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 வெர்ஷனில் எழுத்துகளின் வரிசை விதிகள் மாறியிருந்தன. விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே இருந்தது. ரீஇண்டெக்ஸ் செய்து அதை மறுபடி கட்டியதும் சரியானது.

16-க்குப் போகும்போது, வெர்ஷன் மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடை ஒரு நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கோப்புகளை நகலெடுக்காமல் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்ளும் லிங்க் முறையில் செய்தேன். சில நிமிட வேலைதான். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதை நம்பித் திறக்கக்கூடாது. திரும்பி வர பேக்கப் ஒன்றுதான் வழி. அதனால் 12-இன் மென்பொருளையும் மூன்று மாதம் கூடவே வைத்திருந்தேன். அன்றைக்கே புதிதாக ஒரு பேஸ்பேக்கப்பும் எடுத்தேன். புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் ஓட்டும்வரை எல்லா ரிப்போர்ட்டும் ஆமை வேகம், ஏனென்றால் வேகமான தேடல் வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் அந்தப் புள்ளிவிவரங்கள் கூடவே வரவில்லை.

18-க்கு மாறும்போது அந்தப் புள்ளிவிவரங்களில் பெரும்பாலானவை கூடவே வந்துவிடும். ஆனால் அதில், தரவு பழுதானால் காட்டிக்கொடுக்கும் செக்சம் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும், எங்களுடையது ஆஃப். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிஜி_அப்கிரேட் ஓடாது. அடுத்த விடுமுறை நாளில் சர்வரை நிறுத்தி, பிஜி_செக்சம்ஸ் ஓட்டி அதை ஆன் செய்யப் போகிறேன்.