நாலு மணிக்கு மணிலா: ஏபிஎஸ்-சிபிஎன் யூடியூப்பில் பார்க்கலாமா?

திருகோணமலையில் யார் பிலிப்பைன்ஸ் டிவி பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் கிண்ணியா, மூதூர் பக்கம் போய் ஒருமுறை கதைத்துப் பார்க்கலாம். கத்தார், சவுதி, குவைத் என்று போய் வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அங்கே கூட வேலை செய்ததில் பாதிப்பேர் பிலிப்பினோக்கள், அவர்கள் அறையில் டிவி ஓடுகிறது என்றால் அது அநேகமாக ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பிலிப்பைன்ஸ் நிறுவனத்தின் வெளிநாட்டுச் சனலான டிஎஃப்சியாகத்தான் இருக்கும். டோஹாவில் ஹோட்டல் சமையலறையில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இப்போது அலஸ்தோட்டத்தில் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்திக்கொண்டு அதே ஏபிஎஸ்-சிபிஎன்னை யூடியூப்பில் பார்க்கிறேன். இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிக் காணோம், அதனால் நானே எழுதுகிறேன்.

என்ன கிடைக்கிறது என்றால், செய்திக்கு ஒரு சனல், நாடகம் ஆட்டம் பாட்டுக்கு இன்னொன்று, ஆங்கிலத்தில் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஏஎன்சி. காசு இல்லை. அவர்களுடைய மொழியான தகாலொக் தெரியாதவர்கள் ஏஎன்சியில் தொடங்குவது நல்லது. எனக்குத் தெரிந்த தகாலொக் எல்லாம் வெங்காயம் வெட்டிக்கொண்டு கற்றது, பாதி கெட்ட வார்த்தை, ஆனாலும் அவர்கள் பேச்சில் ஆங்கிலம் அவ்வளவு கலந்திருப்பதால் செய்தி ஓரளவு பிடிபட்டுவிடும்.

மாலைச் செய்தியின் பெயர் டிவி பட்ரோல். மணிலாவில் ஆறரை மணி என்றால் இங்கே சரியாக நாலு மணி. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிந்து, இரவுக்கு மீன் வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பிளேன்டியோடு கதிரையில் சாய எனக்குக் கிடைக்கிற ஒரே இடைவெளி அதுதான், இதைவிடப் பொருத்தமாக ஒரு நிகழ்ச்சி நேரம் அமையாது. செய்தி கொஞ்சம் சத்தம்தான். கொள்ளை, தீ, லொறி புரண்டது, பிறகு புயல், பிறகு அரசியல்வாதி, கடைசியில் நடிகை யாரையோ கட்டப்போகிறார். நம்முடைய செய்திகள் மாதிரி அமைச்சர் எதையோ திறந்துவைத்தார் என்று தொடங்குவதில்லை, அதற்காகவே அரை மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். செய்தியாளர் முழங்கால் தண்ணீரில் நிற்பார், பக்கத்தில் ஒரு பொம்பிளை கோழியைத் தூக்கிக்கொண்டு போவார், கமெரா அந்தக் கோழியையும் விடாது.

இதில் வாசிக்கிற நோலி தே காஸ்ட்ரோவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 1987-இல் டிவி பட்ரோல் தொடங்கியபோதே இருந்தவர். பிறகு செனட்டர் ஆனார், 2004 முதல் 2010 வரை நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்தார், பதவிக்காலம் முடிந்ததும் திரும்பி வந்து அதே கதிரையில் உட்கார்ந்து செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டார். நம்மூரில் பதவி முடிந்து பழைய வேலைக்குத் திரும்பிய ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அங்கே இதை யாரும் விசேஷமாக எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தாலும் செய்தி வாசிப்பவருக்கும் அதிகாரத்துக்கும் இவ்வளவு கிட்டத்து உறவு இருப்பது அவ்வளவு நல்லதில்லை என்றும் படுகிறது.

சரி, இவ்வளவு பெரிய நிறுவனம் தன் செய்தியை முழுசாக யூடியூப்பில் இலவசமாகக் கொட்டுவது ஏன்? அரசாங்கம் அன்டெனாவைப் பிடுங்கிவிட்டது, அதனால்தான். 2020 மே மாதம் வரை இரண்டாம் அலைவரிசையில் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தவர்கள் இவர்கள். பிலிப்பைன்ஸில் ஒளிபரப்பு உரிமம் என்பது திணைக்களத்தில் போய் முத்திரை குத்தி வாங்குகிற காரியம் இல்லை, அந்த நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுத் தரவேண்டும். 1995-இல் தந்த 25 வருட உரிமம் 2020 மே 4-உடன் முடிந்தது. புதுப்பிக்கச் சொன்ன மசோதாக்கள் குழுவிலேயே கிடந்தன. மறுநாள் தொலைத்தொடர்பு ஆணைக்குழு நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது, அன்றைய டிவி பட்ரோல் முடிந்து தேசிய கீதம் போட்டு இரவு 7.52-க்குத் திரை கறுப்பானது. கொரோனாவுக்கு எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த நேரம் அது.

அன்று டோஹாவில் என் அறையில் டிஎஃப்சி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக 1994-இல் தொடங்கிய சனல் அது, அந்த உத்தரவு அதைத் தொடவில்லை. என் அறைக்காரர் சாமார் தீவுக்காரர், ஊரில் அவருடைய அம்மாவின் டிவியில் ஒன்றுமில்லை, அவர் இங்கே பார்த்துப் பார்த்து ஃபோனில் அம்மாவுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். பாலைவனத்தில் இருக்கிறவன் ஊருக்குள் இருக்கிறவளுக்கு ஊர்ச் செய்தி சொல்கிறான். அதற்குப் பிறகுதான் இந்தக் கொம்பனியின் பழைய கதையை எல்லாம் நான் தேடிப் படித்தேன்.

காரணம் என்ன என்றால், 2016 தேர்தலில் தான் காசு கட்டிய விளம்பரங்களைப் போடவில்லை என்று அப்போதைய ஜனாதிபதி துதெர்த்தே வெளிப்படையாகவே கோபத்தில் இருந்தார், உரிமம் புதுப்பிக்கப்படாது என்று பலமுறை சொன்னார். 2020 பெப்ரவரியில் செனட் விசாரணையில் நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார், துதெர்த்தே அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். வரி பாக்கி என்ற புகாருக்கு, அப்படி ஒன்றும் இல்லை என்று வரித் திணைக்களமே அதே விசாரணையில் சொன்னது. எல்லாம் சொல்லியும் ஜூலை 10-ஆம் திகதி கீழ்ச்சபைக் குழுவில் 70-க்கு 11 என்று உரிமத்தை மறுத்தார்கள். சுமார் 11,000 பேர் வேலை செய்த இடம், ஓகஸ்ட் முடிவில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாகாணங்களில் அந்தந்த ஊர்ப் பாஷையில் போய்க்கொண்டிருந்த செய்திகளும் அந்த மாதமே நின்றன.

அந்த மாகாணச் செய்திகள் போனதுதான் பெரிய இழப்பு என்பேன். அந்த வருடம் நவம்பரில் பெரும்புயல்கள் வரிசையாக அடித்தபோது, பிக்கோல் பக்கத்து ஆட்களுக்கு வழக்கமாகத் தகவல் தந்த சனலும் இல்லை, வானொலியும் இல்லை. புயல் எங்கே கரை ஏறப்போகிறது என்பது கடலோரத்தில் இருக்கிற எங்களுக்கு என்ன மாதிரியான கேள்வி என்று சொல்லத் தேவையில்லை. அதே வருடம் டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரை ஏறியபோது இங்கே எல்லாரும் ஃபோனையும் ரேடியோவையும் விட்டுவிட்டு நகரவில்லை. கரண்ட் போய், டவரும் போனால், மிஞ்சுவது பற்றரி ரேடியோ ஒன்றுதான். யூடியூப் இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் அந்த இரவை நினைத்துப் பார்க்கவேண்டும்.

2020 இவர்களுக்கு இரண்டாவது அடி. முதலாவது 1972-இல். அப்போதைய ஜனாதிபதி மார்க்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்த செப்டெம்பரில் படையினர் வந்து நிலையத்தை எடுத்துக்கொண்டார்கள். கெசோன் சிட்டியில் கட்டி நாலு வருடம்கூட ஆகாத கட்டடம், 1968-இல்தான் குடிபோனார்கள். ஸ்டூடியோவும் கருவிகளும் அரசாங்கத்துக்கும் மார்க்கோஸின் கூட்டாளிகளுக்கும் போயின, நிறுவனத்தை நடத்திய ஹெனி லோபெஸ் சிறைக்குப் போனார். ஐந்து வருடம் வழக்கே முடியாமல் உள்ளே இருந்துவிட்டு 1977-இல் இன்னொரு கைதியோடு சேர்ந்து தப்பி, சின்ன விமானத்தில் ஹொங்கொங் போய் அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இதை நாடகமாக எடுத்தால் நம்பமாட்டோம்.

1986 பெப்ரவரியில் சனம் தெருவுக்கு வந்தபோது, மார்க்கோஸ் அரசாங்கத்தின் நாலாம் அலைவரிசையில் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கிளர்ச்சிப் படையினர் நிலையத்தைப் பிடித்து ஒளிபரப்பை வெட்டினார்கள். ஜனாதிபதி பாதி வாக்கியத்தில் மறைந்துபோனார். 2022 ஜூலையில் ஆர்ப்பாட்டக்காரர்கள் உள்ளே போய் ரூபவாஹினி கொஞ்ச நேரம் நின்றது ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாக விளங்கும். 1986 செப்டெம்பரில் ஏபிஎஸ்-சிபிஎன் மறுபடி ஒளிபரப்புக்கு வந்தது. சில வருடத்திலேயே முதலிடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இவர்களைத் தியாகிகள் ஆக்கிவிடவும் வேண்டாம். தொடக்கமே அரசியல்தான். 1946-இல் ஜேம்ஸ் லிண்டன்பெர்க் என்ற அமெரிக்க இன்ஜினியர் பொலினாவோ எலெக்ட்ரோனிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார், ரேடியோக் கருவிகள் பூட்டி விற்கிற கொம்பனி. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து உதிரிப்பாகம் கிடைக்காமல் போக வானொலி நடத்தப் போனார், பிறகு டிவிக்கு அனுமதியும் வாங்கினார், ஆனால் காசு காணாது. அதை வாங்கினவர் அப்போதைய ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் தம்பி. அண்ணன் மறுபடி தேர்தலில் நிற்கிறார், அதற்கு டிவி கைகொடுக்கும் என்று கணக்குப் போட்டு 1953 ஒக்டோபர் 23-இல் முதல் ஒளிபரப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே அண்ணன் தோற்றுப்போனார். அப்போது டிவிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மணிலாவில் சில நூறு பணக்காரர்கள்தான், அவர்கள் வாக்குக்காக இவ்வளவு செலவா என்று இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் 1953! இலங்கையில் ஐடிஎன் வந்தது 1979-இல், ரூபவாஹினி 1982-இல்.

பிறகு 1957-இல் லோபெஸ் குடும்பம் ஏபிஎஸ் என்ற அந்த நிலையத்தை வாங்கித் தங்களுடைய சிபிஎன் என்ற நிறுவனத்தோடு சேர்த்தது. சீனித் தோட்டம், பத்திரிகை, மணிலாவுக்கே மின்சாரம் கொடுக்கிற கொம்பனி என்று எல்லாம் வைத்திருந்த வீடு. அந்த வீட்டு பெர்னாண்டோ லோபெஸ் 1965-இல் மார்க்கோஸோடு ஒரே அணியில் நின்று துணை ஜனாதிபதி ஆனவர். பிறகு முறுகி, பிறகுதான் பகை. ஆகவே 1972-இல் நடந்தது அநியாயம் என்பது சரி, அநியாயம் செய்தவரை ஏற்றிவிட்டதில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்பதும் சரி. சனலின் சொந்த வரலாற்று நிகழ்ச்சிகளில் சிறைக்கதை விரிவாக வரும், இந்தப் பகுதியைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இப்போதைய நிலைமை விசித்திரமானது. உரிமம் போனதும் யூடியூப்பில் நேரலை, மற்றவர்கள் சனலில் நேரம் வாங்கி நிகழ்ச்சி போடுவது என்று ஆள் வீட்டுத் திண்ணையில் கடை போட்டுப் பிழைத்தார்கள். இவர்களிடம் இருந்து எடுத்த இரண்டாம் அலைவரிசை வில்லார் குடும்பத்து நிறுவனத்துக்குப் போய் 2022-இல் ஓல்டிவி என்று வந்தது, போட நிகழ்ச்சி இல்லாமல் தடுமாறி 2024-இல் டிவி பட்ரோலையே அங்கே கொண்டுவந்தது. தன் சொந்த இலக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மத்தியான நிகழ்ச்சியான இட்ஸ் ஷோடைம் அதே வருடம் பரம எதிரி ஜிஎம்ஏயின் ஏழாம் அலைவரிசையில் ஏறியது. கெசோன் சிட்டி நிலத்தின் பெரும்பகுதியை 2025-இல் அயாலா லாண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள், 624 கோடி பெசோ.

நாடகங்களுக்கு வருவோம். ஆங் ப்ரோபின்சியானோ என்று ஒரு பொலிஸ் கதை, 2015-இல் தொடங்கி 2022-இல்தான் முடிந்தது, இடையில் சனலே மூடப்பட்டது, கதாநாயகன் கோகோ மார்ட்டின் மட்டும் நிற்காமல் சுட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை குண்டு பட்டாலும் சாகமாட்டார். மற்றவை இரட்டைப் பிள்ளை, ஞாபகமறதி, பணக்கார மாமியார், கன்னத்தில் அறை. தமிழ் சீரியல் பார்த்துப் பழகிய என் மனைவிக்கு ஒரு சொல் விளங்காமலே யார் கெட்டவள் என்று முதல் காட்சியில் தெரிந்துவிடுகிறது. எனக்கு இவற்றில் பொறுமை இல்லை, ஆனால் நடிப்பு, குறிப்பாக வயதான நடிகைகளின் நடிப்பு, நிஜமாகவே நல்லது. அழுகையை அவசரப்படுத்தமாட்டார்கள்.

இட்ஸ் ஷோடைம் இங்கே காலை ஒன்பதரைக்கு வரும். அதை நடத்துகிற வைஸ் கண்டாவின் பகிடி அரைவாசி மொழியில் இருக்கிறது, எங்களுக்குப் போய்ச் சேராது. அதை விட்டுவிடலாம்.

மொத்தத்தில், வளைகுடா போய் வந்தவர்களுக்கும், செய்தி வேறு மாதிரியும் வாசிக்கலாம் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கும் டிவி பட்ரோலைச் சொல்வேன், நாடகத்தை வீட்டில் யாராவது கேட்டால் மட்டும். காசு கட்டிப் பார்க்கிற அவர்களுடைய அப் எனக்குத் தேவைப்படவில்லை. நேரலை டேட்டாவைக் குடிக்கும், அதுவும் மாலையில் எங்கள் பக்கம் இணையம் இருக்கிற இருப்பில் சுற்றிக்கொண்டே நிற்கும், படத் தரத்தை 360-இல் வைத்துவிடுங்கள், தே காஸ்ட்ரோவின் குரலுக்குத் தெளிவான படம் தேவையில்லை.